இருபது ஆண்டுகள் காத்திருந்த ஆடி

அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில், ஹாப்கின்ஸ் மலைமீது 1968ஆம் ஆண்டில் 10 மீட்டர் அகலமுள்ள ஆடித் தொலைநோக்கி ஒன்று நிறுவப்பட்டது. விண்ணிலிருந்து வரும் காமாக் கதிர்களைத் தேடுவதே அதன் பணி. ஆனால் ஐயத்திற்கு இடமில்லாத முதற்சான்று அதற்குக் கிட்ட இருபது ஆண்டுகளுக்கு மேலாயின. இத்தாமதத்தின் காரணத்தை நாம் அறிவது நன்று.

காமாக் கதிர் தரையை எட்டுவதில்லை. வளிமண்டலத்தின் மேலடுக்கில் மோதித் துகள் பொழிவாகச் சிதறுகிறது. அப்பொழிவில் எழும் மங்கிய நீல ஒளி, ஒரு நொடியின் நூறு கோடியில் சில பங்கு நேரமே நிலைக்கும். அதைத்தான் ஆடி பற்ற வேண்டும். இதே ஒளியை அண்டக் கதிர்களும் பன்மடங்கு மிகுதியாக எழுப்புவதால், உண்மையானது போலிகளின் கூட்டத்தில் மறைந்துவிடும். 1980களில் சிக்னஸ் எக்ஸ்-3 என்னும் விண்பொருளிலிருந்து இத்தகைய உயராற்றல் கதிர்கள் வருவதாகச் சில குழுக்கள் அறிவித்தன. பின்வந்த நுண்ணிய ஆய்வுகள் அதை உறுதிசெய்யவில்லை.

1985இல் மைக்கேல் ஹில்லாஸ் ஒரு வழி கண்டார். காமாக் கதிரின் பொழிவு ஒடுங்கிய நீள்வட்டமாய்ப் பதியும்; அண்டக் கதிருடையதோ பரந்தும் ஒழுங்கின்றியும் பதியும். இவ்வேறுபாட்டைக் கொண்டு, டிரெவர் வீக்ஸின் குழு 37 ஒளியுணர் குழாய்கள் பொருத்திய கேமராவால் 1989இல் நண்டு நெபுலாவை உறுதிசெய்தது.

அது நம் பால்வெளிக்கு உட்பட்டது. 1992இலோ அதே ஆடி, ஏறத்தாழ 40 கோடி ஒளியாண்டுகளுக்கு அப்பாலுள்ள மார்க்காரியன் 421 என்னும் விண்மீன் திரளிலிருந்து வந்த கதிர்களைக் கண்டது. அத்திரளின் நடுவே ஒரு மாபெரும் கருந்துளை உள்ளது. கருந்துளைக்குள் விழுந்தது மீளாது. ஆயினும் அதன் அருகிலிருந்து ஏறத்தாழ ஒளியின் வேகத்தில் பீறிடும் தாரை நம் திசை நோக்கியுள்ளது. 1996 மே மாதத்தில் அதன் ஒளிர்வு ஒரு மணி நேரத்திற்குள் இருமடங்கானது. அகன்ற பரப்பு முழுவதும் அத்தனை விரைவில் மாற இயலாது. எனவே, அக்கதிர்கள் பிறக்கும் இடம் நம் சூரியக் குடும்பத்தின் அளவையே ஒத்தது எனக் கணித்தனர்.

கிடைத்த ஒளியையெல்லாம் சான்றென்று கொண்டிருந்தால் இவ்வறிவு நமக்கு வாய்த்திராது. இருபது ஆண்டுகள் அவர்கள் செய்தது பெரும்பாலும் தள்ளிவைக்கும் வேலையே. கேட்ட செய்தியைக் கேட்ட கணமே பிறருக்கு அனுப்பிவிடும் நமக்கு, அப்பொறுமையில் ஒரு பாடம் இருக்கிறது.