கோடாக் எதைக் கைவிட்டது? ஒரு வேதித் தொழிலின் வீழ்ச்சி

கோடாக் நிறுவனத்தின் வீழ்ச்சிக்கு நிர்வாகவியல் வகுப்புகளில் சொல்லப்படும் காரணம் ஒன்றுதான். டிஜிட்டல் கேமராவைத் தானே கண்டுபிடித்தது. ஃபிலிம் விற்பனை படுத்துவிடுமே என்று அஞ்சி அதை மூடி வைத்தது. உலகம் முந்திச் சென்றது. 2012 ஜனவரி 19 அன்று திவால் பாதுகாப்புக் கேட்டு நீதிமன்றம் ஏறியது. கேட்க நன்றாக இருக்கும் இந்தக் கதையைச் சான்றுகள் தாங்குவதில்லை. டிஜிட்டலைக் கோடாக் கண்டது, அதில் பெரும்பணமும் போட்டது. அதன் பிழை வேறிடத்தில் இருக்கிறது: தன்னைப் படத்தொழில் நிறுவனம் என்று மட்டுமே எண்ணிக்கொண்டு, தன் உயிர்நிலையான வேதித் தொழிலை அது விட்டுக்கொடுத்தது.

முதலில் ‘கண்ணை மூடிக்கொண்டது’ என்ற குற்றச்சாட்டு. 1975-இல் ஸ்டீவ் சாசன் என்ற இளம் பொறியாளர் கோடாக்கின் தலைமையகம் இருக்கும் ரோச்செஸ்டரில் உருவாக்கிய கருவி ஏறக்குறைய மூன்றரைக் கிலோ எடை கொண்டது. 10,000 புள்ளிகளால் ஆன ஒரு கறுப்பு-வெள்ளைப் படத்தைக் கேசட் நாடாவில் பதிய அதற்கு 23 விநாடிகள் பிடித்தன. அக்காலத்தில் அதை விற்பனைக்குக் கொண்டுவந்திருக்க முடியாது என்பதை யாரும் ஒப்புவர். ஆனால் வேலை அத்துடன் நிற்கவில்லை. இன்றைய கேமராக்களும் கைப்பேசிகளும் வண்ணத்தைப் பிரித்தறியப் பயன்படுத்தும் வடிகட்டி அமைப்பு, கோடாக்கின் பிரைஸ் பேயர் 1976-இல் காப்புரிமை பெற்றது. 1981-இல் நிறுவனத்தின் சந்தை ஆய்வுப் பொறுப்பிலிருந்த வின்ஸ் பராபா, டிஜிட்டல் ஃபிலிமின் இடத்தைப் பிடிக்கும், அதற்குச் சுமார் பத்தாண்டுகள் ஆகும் என்று மேலிடத்துக்கு அறிக்கை கொடுத்தார். 1991-இல் நிக்கான் உடலில் பொருத்திய தொழில்முறை டிஜிட்டல் கேமராவைக் கோடாக் விற்றது. எல்லாவற்றுக்கும் மேலாக, 2005-இல் அமெரிக்க டிஜிட்டல் கேமரா விற்பனையில் அதுவே முதலிடம். முதலிடத்தில் நின்றவர் ஏழே ஆண்டுகளில் திவாலானார் என்றால், தாமதம் என்ற ஒரு சொல் அதை விளக்கப் போதாது.

விடை லாபக் கணக்கில் இருக்கிறது. 1888-இல் கோடாக்கின் நிறுவனர் ஜார்ஜ் ஈஸ்ட்மன் விற்ற முதல் கோடாக் கேமராவின் விலை 25 டாலர். உள்ளே நூறு படங்களுக்கான சுருள் இருக்கும். எடுத்து முடித்ததும் கேமராவையே ரோச்செஸ்டருக்கு அனுப்ப வேண்டும். 10 டாலருக்குக் கழுவி, பிரிண்ட் போட்டு, புதுச் சுருள் ஏற்றித் திருப்பி அனுப்புவார்கள். 1900-இல் வந்த பிரவுனி கேமராவின் விலை ஒரு டாலர்தான். கேமரா வெறும் வாசற்படி. வருமானம் சுருளிலும் தாளிலும் கழுவும் ரசாயனத்திலும் இருந்தது. டிஜிட்டலில் தீர்ந்துபோகும் பொருள் ஏதுமில்லை. எத்தனை கேமரா விற்றாலும் அந்தப் பழைய ஊற்று மறுபடி சுரக்காது.

அந்த ஊற்றின் அடியில் இருந்தது வேதியியல். இதை நம் கட்டுரையாளர்கள் போதிய அளவு கவனிப்பதில்லை என்பது என் வருத்தம். ஃபிலிம் என்பது ஜெலட்டினில் மிதக்கும் வெள்ளி உப்புப் படிகங்களை, முழு இருட்டில், முடியிழையைவிட மெல்லிய பல அடுக்குகளாகப் பூசும் கலை. ஒரு சமயம் ஜெலட்டினின் ஒளியுணர்வு ஏன் தொகுதிக்குத் தொகுதி மாறுகிறது என்று கோடாக் ஆய்வகம் திணறியது. ஜெலட்டினுக்குத் தோலும் எலும்பும் தந்த மாடுகள் மேய்ந்த கடுகுச் செடியிலிருந்து வரும் கந்தகச் சேர்மமே காரணம் என்று 1925-இல் சாமுவேல் ஷெப்பர்ட் கண்டறிந்தார். தீவனம் வரைக்கும் தடம் பிடித்துச் சென்ற அறிவு அது. முதல் உலகப் போரில் மூலப்பொருள் தட்டுப்பாட்டால் அல்லலுற்ற ஈஸ்ட்மன், 1920-இல் டென்னசியின் கிங்ஸ்போர்ட்டில் சொந்த ரசாயன ஆலையையே அமைத்தார். ஃபிலிமின் அடித்தளமான செல்லுலோஸ் அசிடேட் பின்னர் அங்குதான் தயாரானது.

இனி 1994. ஆறாண்டுகளுக்கு முன் 510 கோடி டாலர் கொடுத்து ஸ்டெர்லிங் மருந்து நிறுவனத்தை வாங்கிய கோடாக்கைக் கடன் நெருக்கியது. கிங்ஸ்போர்ட் ஆலையை உள்ளடக்கிய ஈஸ்ட்மன் கெமிக்கல் அந்த ஆண்டு தொடக்கத்தில் தனி நிறுவனமாகப் பிரிக்கப்பட்டது. மோட்டோரோலாவிலிருந்து வந்த புதிய தலைவர் ஜார்ஜ் ஃபிஷர் ஸ்டெர்லிங்கையும் விற்று, படத்தொழிலே நம் தொழில் என்று அறிவித்தார். பங்குச்சந்தை இதை வரவேற்றது. 2007-இல் மருத்துவப் படப் பிரிவும் 235 கோடி டாலருக்குக் கைமாறியது.

அதே காலத்தில் கோடாக்கின் ஜப்பானியப் போட்டியாளரான ஃபியூஜிஃபிலிம் எதிர்த்திசையில் நடந்தது. ஃபிலிம் தேவை 2000-ஐ ஒட்டி உச்சம் தொட்டுச் சரியத் தொடங்கியபோது, அதன் தலைவர் ஷிகெடகா கொமோரி தம் வேதியியலாளர்கள் வேறென்ன செய்யக்கூடும் என்று கணக்கெடுத்தார். ஃபிலிமுக்கு அடித்தளமான அதே அசிடேட் படலம் எல்.சி.டி. திரைகளுக்குப் பாதுகாப்பு உறையானது. ஜெலட்டினின் தாய்ப்பொருளான கொலாஜன் பற்றிய அறிவு 2007-இல் முகப்பூச்சாக விற்பனைக்கு வந்தது.

ஈஸ்ட்மன் கெமிக்கலைக் கையில் வைத்திருந்தாலும் கோடாக் பிழைத்திருக்குமா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. 1988-இல் உலகெங்கும் 1,45,000 பேருக்குச் சம்பளம் கொடுத்த நிறுவனத்தை அதே உருவில் எதுவும் காப்பாற்றியிருக்காது. ஃபியூஜியும் ஆட்குறைப்புக்குத் தப்பவில்லை. பெருவெள்ளமாக ஓடப் படைத்த பூச்சு எந்திரத்தைச் சிற்றோடையாக ஓட்டினால் ஒவ்வொரு அடிக்கும் நட்டம்தான். சுருங்குவது தவிர்க்க முடியாதது. சுருங்கும்போது எதைப் பிடித்துக்கொள்வது என்பதில்தான் தெரிவு இருந்தது. டிஜிட்டல் காப்புரிமைகள் பிடிக்கவேண்டிய பொருளாகவும் நிலைக்கவில்லை. 2012 இறுதியில் அவை ஏறத்தாழ 52 கோடி டாலருக்கு, ஸ்டெர்லிங்குக்குக் கொடுத்த விலையில் பத்தில் ஒரு பங்குக்குப் போயின.

2007-இல் ரோச்செஸ்டரில் ஆலைக் கட்டடங்கள் வெடிவைத்துத் தகர்க்கப்பட்டபோது, அங்கே பணியாற்றியவர்கள் நின்று பார்த்தார்கள். தப்பிய கட்டடங்களில் இன்றும் இருட்டில் ஃபிலிம் பூசுகிறார்கள். அதே வளாகத்தில் இப்போது மருந்து மூலப்பொருள்களும் தயாராகின்றன. ‘ஓப்பன்ஹைமர்’ படத்துக்காக 65 மில்லிமீட்டர் அகலக் கறுப்பு-வெள்ளை ஃபிலிம் வேண்டும் என்று கிறிஸ்டோபர் நோலன் கேட்டபோது அப்படியொன்று வழக்கத்திலேயே இல்லை. ரோச்செஸ்டர் ஆலை அதைப் புதிதாகப் பூசிக் கொடுத்தது.