எலுமிச்சை இல்லாமல் சிட்ரிக் அமிலம்: 0.3 கிராம் மாங்கனீசுக்கு தொழிற்சாலைகள் பயப்படுவது ஏன்?

ஜாம் பாட்டில், கூல்டிரிங்ஸ், மிட்டாய் கவர் எதை வேண்டுமானாலும் திருப்பிப் பாருங்கள். சேர்மானப் பட்டியலில் 330 என்ற எண் பெரும்பாலும் இருக்கும். அதுதான் சிட்ரிக் அமிலம். எலுமிச்சையைப் பிழிந்து எடுப்பது என்று நினைத்தால், அந்தக் காலம் போய் நூறு வருஷம் ஆகிவிட்டது. இப்போது அதைத் தயாரிப்பது ஒரு பூஞ்சை.

எந்தப் பூஞ்சை?

பெயர் ஆஸ்பெர்ஜில்லஸ் நைஜர். வெங்காயத் தோலில் கருப்பாகப் பொடி ஒட்டியிருக்குமே, அதுவேதான். தொழிற்சாலைகள் இதன் தேர்ந்தெடுத்த வகைகளைத் தனியாக வளர்க்கின்றன.

எப்போது தொடங்கியது?

முன்பு உலகுக்கு எலுமிச்சை சிட்ரேட்டை அனுப்பிய முக்கிய நாடு இத்தாலி. முதல் உலகப் போரில் அந்த வரத்து பாதிக்கப்பட்டது. 1917-ல் அமெரிக்க விஞ்ஞானி ஜேம்ஸ் கர்ரி, சர்க்கரைக் கரைசலில் இந்தப் பூஞ்சை சிட்ரிக் அமிலத்தை அதிகமாகச் சுரப்பதை வெளியிட்டார். 1919-ல் ஃபைசர் நிறுவனம் இதை வணிக உற்பத்தியாக்கியது. இன்று உலக உற்பத்தி ஆண்டுக்கு 20 லட்சம் டன்னைத் தாண்டுகிறது.

மாங்கனீசு என்ன செய்கிறது?

இங்கேதான் சிக்கல். கரைசலில் லிட்டருக்கு 3 மைக்ரோகிராம் மாங்கனீசு கலந்தாலே அமில விளைச்சல் குறைந்துவிடும். கணக்குப் போட்டால், ஒரு லட்சம் லிட்டர் தொட்டிக்கு வெறும் 0.3 கிராம். ஒரு சிட்டிகை உப்பு அளவுதான்!

மாங்கனீசு தாராளமாகக் கிடைத்தால் பூஞ்சை நன்றாக வளரும். சர்க்கரையைத் தன் உடலை வளர்க்கவே செலவழிக்கும். நூல் நூலாக நீண்டு பரவி, கரைசலையும் கெட்டியாக்கிவிடும்.

மாங்கனீசு இல்லையென்றால் புரத உற்பத்தி தடுமாறும், வளர்ச்சி மட்டுப்படும். இழைகள் குட்டையாகத் தடித்து, சிறு உருண்டைகளாகத் திரளும். ஆனால் சர்க்கரையை உள்ளே இழுப்பது மட்டும் நிற்காது. வழக்கமாக சிட்ரிக் அமிலம் சேரச் சேர, சர்க்கரையை உடைக்கும் வேலைக்கு அதுவே பிரேக் போடும். மாங்கனீசு பற்றாக்குறையில் செல்லுக்குள் அம்மோனியம் கூடி, அந்த பிரேக்கைத் தளர்த்திவிடுகிறது. மிச்சமாகும் சர்க்கரை அமிலமாகி வெளியே கொட்டுகிறது. அதாவது, பூஞ்சையைப் பாதிப் பட்டினியில் வைத்தால்தான் லாபம்.

தொழிற்சாலைகள் எப்படிச் சமாளிக்கின்றன?

மலிவான மூலப்பொருள் சர்க்கரை ஆலைக் கழிவுப்பாகான மொலாசஸ். ஆனால் அதில் இரும்பு, துத்தநாகம், மாங்கனீசு எல்லாம் இயல்பாகவே இருக்கும். அதனால் பொட்டாசியம் ஃபெர்ரோசயனைடு சேர்த்து உலோகங்களை வீழ்படிவாக்குகிறார்கள். குளுக்கோஸ் பாகு என்றால், அயனிகளைப் பிடித்துவைக்கும் பிசின் வழியாகச் செலுத்துவார்கள். உலோகம் கசியாமல் இருக்க துருப்பிடிக்காத எஃகுத் தொட்டி தேவை. செம்பைச் சிறிதளவு சேர்ப்பதும் உண்டு, அது மாங்கனீசின் வேலைக்கு முட்டுக்கட்டை போடும்.

அப்போ உலோகமே கூடாதா?

அப்படியில்லை. இரும்பும் துத்தநாகமும் துளியாவது வேண்டும், இல்லாவிட்டால் பூஞ்சை உயிர் வாழாது. அளவு மிஞ்சக்கூடாது, அவ்வளவுதான். கரைசலின் புளிப்பும் முக்கியம். பிஹெச் 3-க்குக் கீழே இருக்க வேண்டும். புளிப்பு குறைந்தால் இதே பூஞ்சை ஆக்சாலிக் அமிலத்தைத் தயாரிக்கத் தொடங்கும். அதற்கான நொதிக்கு மாங்கனீசு தேவை என்பதால், அந்த உலோகம் கூடினால் இங்கேயும் தலைவலிதான்.

நாம் சாப்பிடுவதில் பூஞ்சை இருக்குமா?

முதலில் பூஞ்சையை வடிகட்டி அகற்றுவார்கள். பிறகு சுண்ணாம்பு சேர்த்து கால்சியம் சிட்ரேட்டாக்கி, கந்தக அமிலத்தால் பிரித்து, படிகமாக்குவது வழக்கமான முறை. கடைசியில் கிடைக்கும் மூலக்கூறுக்கும் எலுமிச்சையில் உள்ளதற்கும் வேதியியல்படி எந்த வித்தியாசமும் இல்லை.