வானொலி விரட்டிய பெட்டி

1940இல் அகில இந்திய வானொலி ஆர்மோனியத்துக்குத் தடை விதித்தது. தடை தளரத் தொடங்கியது 1971இல்தான். முப்பது வருடத்துக்கு மேல் ஒரு வாத்தியம் நிலையத்துக்குள் நுழைய முடியவில்லை.

சொல்லப்பட்ட காரணம் இசை சார்ந்தது. ஆர்மோனியத்தின் கட்டைகள் நிலையான சுரங்களைத் தருபவை. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு வழுக்கிப்போக முடியாது, கமகம் வராது. போதாததற்கு ஐரோப்பாவில் பிறந்தது. தாகூருக்கும் அதைப் பிடிக்காது.

ஆனால் காலால் மிதித்து வாசித்த அந்தக் கனத்த பெட்டியை, 19ஆம் நூற்றாண்டுக் கல்கத்தாவில் துவாரகாநாத் கோஷ் ஒரு கையால் துருத்தியை இயக்கி மறுகையால் வாசிக்கும்படி மாற்றியிருந்தார். தெருவுக்கு அது போதும். பாடுகிறவரே வாசிக்கலாம், தூக்கிக்கொண்டு கிளம்பலாம்.

என் தாத்தா பஜனைகளில் பெட்டி வாசித்தவர். "கமகம் எங்கப்பா இதுல?" என்று அப்பா சீண்டுவார். "அது பாடுறவன் தொண்டையில இருக்குடா" என்பார் தாத்தா. இந்த வழக்கு எங்கள் வீட்டில் கடைசிவரை தீரவில்லை.

சில வருடங்களுக்கு முன், மும்பை லோக்கல் ரயிலில் கண் தெரியாத ஒருவர் கழுத்தில் ஆர்மோனியத்தை மாட்டிக்கொண்டு பாடி வந்தார். இரண்டு கட்டைகளில் சத்தமே இல்லை. அந்தச் சுரங்கள் வரும்போதெல்லாம் குரலை இழைத்து, வளைத்துக் கடந்தார். கூட்டத்தில் யாருக்கும் குறை தெரியவில்லை.

தடை போட்டவர்கள் பெட்டியைச் சரியாகத்தான் எடைபோட்டார்கள். அதோடு சேர்ந்து வரும் குரலைக் கணக்கில் எடுக்கவில்லை.