தீவகச் சிறுவரும் மனப்பிணியும்: ஒரு வரலாற்று நோக்கு

‘தொட்டிற் பழக்கம் சுடுகாடு மட்டும்’ என்பது நம்மவர் பழமொழி. பழக்கத்துக்குக் கூறப்பட்ட இது அச்சத்துக்கும் பொருந்துமா? பிள்ளைப்பருவத்தில் உற்ற இன்னல், வளர்ந்த பின்னர் யாரும் பேசாத குரலைக் கேட்கச் செய்யுமா? அயலார் அனைவரும் தமக்குத் தீங்கு சூழ்கின்றனர் என்ற பொய்யான ஐயத்தை விளைக்குமா? தீவகத்தின் அண்மைக்கால வரலாற்றைக் கற்போர் இவ்வினாவைக் கடந்து செல்லுதல் இயலாது.

முன்னாளில் இத்தகைய பிணியைப் பேயின் செயல் என்றனர். பின்னாளில் குலவழி வந்த குறை என்றனர். இரு கொள்கையினரும் நோயாளர் தம் இளமையில் என்ன பட்டார் என்பதை ஆராய முற்பட்டது அரிது. 2012ஆம் ஆண்டில் வரேஸேயும் பிறரும் 36 ஆய்வுகளை ஒருங்கு தொகுத்து நோக்கினர். இளமையில் அடி, வசை, பாலியற் கொடுமை, புறக்கணிப்பு, ஒத்த வயதினரின் துன்புறுத்தல் ஆகியவற்றுக்கு ஆளானோரிடம் சித்தப்பிரமை தோன்றும் வாய்ப்பு ஏறத்தாழ 2.8 மடங்காதல் புலனாயிற்று. பெற்றோரின் மரணத்துக்கு மட்டும் இத்தொடர்பு உறுதிப்படவில்லை. குலவழியும் ஒரு காரணமே. ஆயினும் அதுவே முழுக்காரணமன்று.

போர் அத்தொகுப்பில் தனியாக எண்ணப்படவில்லை. எனினும் தீவகத்துச் சிறுவர் பட்டவை பல. 1985 மே 15ஆம் நாள், நெடுந்தீவிலிருந்து குறிகட்டுவான் நோக்கிச் சென்ற குமுதினிப் படகில் குறைந்தது 23 பயணிகள் வெட்டிக் கொல்லப்பட்டனர். இறந்தோருள் குழந்தைகளும் இருந்தனர். 1990, 1991ஆம் ஆண்டுகளின் படைநடவடிக்கைகளால் தீவக மக்கள் பெருந்தொகையினராகக் குடாநாட்டுக்கு இடம்பெயர்ந்தனர். மண்டைதீவிலும் அல்லைப்பிட்டியிலும் பல இளைஞர் காணாமற் போயினர். 1995 ஒக்ரோபரில் வலிகாமமே இடம்பெயர்ந்தபோது, முன்னர் அங்கே தஞ்சம் புகுந்தோர் மீண்டும் அலைந்தனர். 2006 ஓகஸ்டில் அல்லைப்பிட்டித் தேவாலயத்தில் அடைக்கலம் புகுந்திருந்தோர்மீது எறிகணைகள் வீழ்ந்தன. போர் 2009இல் முடிவுற்றது.

போரின் விளைவு களத்தோடு நின்றுவிடுமா? நில்லாது என்பதற்குக் கற்றானி முதலியோர் 2008இல் வெளியிட்ட ஆய்வு சான்றாகும். வடகிழக்கிலே தமிழ் மாணவர் 296 பேரை அவர்கள் ஆராய்ந்தனர். போரின் கொடுமையை மிகுதியாகக் கண்ட பிள்ளைகள் வீட்டினுள்ளும் மிகுதியாக அடிபட்டனர். தந்தையின் குடிப்பழக்கமும் அவ்வன்முறையோடு தொடர்புற்றிருந்தது. களத்துப் போர் அடுப்பங்கரையிலும் தொடர்ந்தது என்க. அடியும் வசையும் புறக்கணிப்பும் பின்னாளைய பிணிக்கு வழிகோலும் இன்னல்களாதலை மேலே கண்டோம். போருக்கும் அப்பிணிக்குமிடையே வீடும் ஒரு வழியாதல் கூடும் என்பது இவ்விரு ஆய்வுகளையும் இணைத்து நோக்குவார்க்குப் புலனாகும். போரின் காயம் தனியாளோடு நில்லாது குடும்பத்தையும் சமுதாயத்தையும் தாக்கும் என உளமருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரம் பல்லாண்டுகளாக எடுத்துரைத்து வந்துள்ளார்.

ஆயினும் வாய்ப்பு என்பது விதியன்று. இன்னலுற்ற பிள்ளைகளுட் பெரும்பாலோர் இப்பிணிக்கு ஆளாவதில்லை. வடபகுதிச் சிறுவரைக் குறித்து 2015இல் வெளிவந்த மற்றோர் ஆய்வு, பெற்றோரின் அன்பான பராமரிப்பு போரால் வருந்திய பிள்ளைகளைத் துயரிலும் அச்சத்திலும் ஆழாது காத்தமையைக் காட்டிற்று. பகைவர் செய்ததை மாற்றுதல் எவர்க்கும் இயலாது. வீட்டார் செய்வதை மாற்றுதல் இயலும்.

1985இல் பத்து வயதினராய் இருந்தோர் இன்று பெற்றோராயும் ஆசிரியராயும் உள்ளனர். வகுப்பில் ஒதுங்கியிருக்கும் மாணவனைச் சோம்பேறி என்று பிரம்பெடுப்பதும், குரல் கேட்கிறது என்பவளைப் பேய்பிடித்தவள் என்று மறைத்துவைப்பதும் பழைய இன்னலோடு புதியதொன்றைச் சேர்ப்பனவாகும். யாழ்ப்பாணப் போதனா வைத்தியசாலையிலும் தெல்லிப்பழை ஆதார வைத்தியசாலையிலும் உளமருத்துவப் பிரிவுகள் உள. காலந்தாழ்த்தாது அங்கு அழைத்துச் செல்லுதலும், அதற்கு முன்னர் ‘உனக்கு என்ன நேர்ந்தது?’ என்று பரிவோடு வினவுதலும் மூத்தோர் கடனாகும்.