வழிகாட்டிப் புத்தகமும் விடுபட்ட சனமும்

ஒரு நாட்டுக்கு முதல்முறை போகிறவர்கள் வழிகாட்டிப் புத்தகத்தைத்தான் நம்புவினம். நான் முதலில் இரண்டு விஷயம் பார்ப்பேன்: அது எந்த ஆண்டு வந்தது, ஆர் எழுதுவித்தது. ஜேர்மனியின் பெடேக்கர் நூல்களின் வரலாறுதான் காரணம்.

கார்ல் பெடேக்கர் 1827இல் கோப்லென்ஸ் நகரில் பதிப்பகம் தொடங்கினார். மிலான் பேராலயத்தின் படிகளைப் பிழையில்லாமல் எண்ணுவதற்கு, இருபது படிக்கு ஒரு பட்டாணியாகப் பையை மாற்றிப் போட்டுக்கொண்டே ஏறினாராம். அந்த நேர்மையால் ஐரோப்பா முழுக்கப் பெயர் எடுத்தது அவருடைய புத்தகம்.

1943இல் அதே பெயரில், நாசிகள் பிடித்து வைத்திருந்த போலந்துக்கும் ஒரு வழிகாட்டி வந்தது. எழுதுவித்தவர் அங்கே ஆளுநராக இருந்த ஹான்ஸ் பிராங்க். ரயில், ஹோட்டல், தேவாலயம் எல்லாம் ஒழுங்காக இருக்கு. லுப்லின் நகரில் இப்போது யூதர் இல்லை என்று போகிறபோக்கில் ஒரு குறிப்பு. ஏன் இல்லை என்று ஒரு சொல்லும் இல்லை. அவர்களில் பெரும்பாலானோரை 1942இல் பெல்செக் முகாமுக்குக் கொண்டுபோய்க் கொன்றிருந்தார்கள்.

விடுமுறைக்கு ஊருக்குப் போகிற எங்கட பிள்ளைகளுக்கும் இதைத்தான் சொல்லுவேன்: பாதைக்குப் புத்தகத்தைப் பாருங்கோ. அந்த இடத்தில் முந்தி ஆர் இருந்தது, ஏன் போனது என்று அங்கத்தைய சனத்திட்டக் கேளுங்கோ.