அடுக்களையில் பிறந்த வண்ணங்கள்

இமயமலைச் சாரலில், குமாவோன் பகுதிப் பெண்டிர் கம்பளி நூலுக்கு வீட்டடுப்பிலேயே நிறமேற்றி வந்தனர். அக்ரூட் காயின் பச்சைத்தோல் பழுப்பும், மாதுளை ஓடு மஞ்சளும் தந்தன. படிகார நீரில் முன்னரே ஊறிய நூலில் சாயம் எளிதில் அகலாது. மஞ்சள்தூள் படிகாரமின்றியே பற்றும். ஆயினும் வெயிலில் விரைந்து வெளுக்கும்.

1856-இல் இலண்டனில் பெர்க்கின் என்ற பதினெட்டு வயது இளைஞர் நிலக்கரித் தாரிலிருந்து ஊதாச் சாயம் கண்டார். 1868-இல் மஞ்சிட்டியின் செம்பொருள் ஆய்வுக்கூடத்தில் உருவாயிற்று. 1897-இல் செயற்கை அவுரி நீலம் கடைக்கு வந்தது. மலிவும் விரைவும் வென்றன. அதனை நாம் குறை கூறோம்.

ஆனால், எந்தத் தோலை எவ்வளவு கொதிக்கவிடுவது என்னும் அறிவு பெரும்பாலும் ஏட்டில் ஏறாதது. தாயின் கையிலிருந்து மகளின் கைக்கு வந்தது. கை ஓய்ந்தால் அதுவும் ஓய்ந்துவிடும் அன்றோ? அறிந்த மூதாட்டியர் இருக்கும்போதே நாம் கேட்டு எழுதிவைத்தல் நன்று.