பட்டாவும் குத்தகையும்: எகிப்து கண்ட நிலச் சீர்திருத்தம்

1952-ஆம் ஆண்டு செப்டம்பர் 7-ஆம் நாள் எகிப்தில் நெசவாலைத் தொழிலாளர் இருவர் தூக்கிலிடப்பட்டனர். முஸ்தஃபா கமீஸ், முஹம்மத் அல்பக்கரி என்பன அவர்தம் பெயர்கள். கஃப்ர் அத்தவ்வார் ஆலையில் ஆகஸ்டில் மூண்ட வேலைநிறுத்தத்தை ஒட்டி இராணுவ நீதிமன்றம் வழங்கிய தண்டனை அது. ஒரு நாள் இடைவிட்டு, செப்டம்பர் 9-இல், அதே இராணுவ ஆட்சி நிலச் சீர்திருத்தச் சட்டத்தை வெளியிட்டது. சோஷலிசமா, முதலாளித்துவமா என்று ஒற்றைச் சொல்லுக்குள் ஒரு நாட்டின் வரலாற்றை அடக்கிவிட விழைவோர், இவ்விரு நாட்களையும் அருகருகே வைத்துப் பார்ப்பது நன்று.

எகிப்தின் விளைநிலம் பெரும்பாலும் நைல் நதியின் கொடை. சென்ற நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டில் கால்வாய்கள் பெருகின, பருத்தி பணப்பயிராயிற்று. 1861 முதல் 1865 வரை அமெரிக்காவில் நிகழ்ந்த உள்நாட்டுப் போர் அப்பருத்திக்குப் பொன்விலை பெற்றுத் தந்தது. நிலத்தின் மதிப்பு ஏற ஏற, அது அரச குடும்பத்தார், பாஷாக்கள் ஆகியோரின் கைகளில் குவிந்தது. 1952-இல் 200 ஃபத்தானுக்கு மேல் வைத்திருந்தோர் ஏறத்தாழ இரண்டாயிரம் பேரே. விளைநிலத்தில் ஐந்தில் ஒரு பங்கு அவர்களுடையது. (ஃபத்தான் என்பது ஓர் ஏக்கரினும் சற்றே பெரிது.) மறுபுறம், நிலமுடையோரில் மிகப் பெரும்பாலோருக்கு ஐந்து ஃபத்தான்கூடக் கிடையாது. அவர்களுக்கும் கீழே, ஒரு முழ நிலமும் இல்லாத கூலியாட்கள்.

புதிய சட்டம் தனியொருவர் வைத்திருக்கத்தக்க நிலத்துக்கு 200 ஃபத்தான் என உச்சவரம்பு விதித்தது. எஞ்சியதற்கு அரசு கடன்பத்திரங்களை ஈடாகத் தந்தது. உழவர் குடும்பங்கள் இரண்டு முதல் ஐந்து ஃபத்தான் வரை பெற்று, அதன் விலையை முப்பது ஆண்டுத் தவணையில் செலுத்த வேண்டும். இதற்குத் தயங்கிய பிரதமர் அலீ மாஹிர் பதவி விலக, ஜெனரல் முஹம்மத் நஜீப் அப்பொறுப்பை ஏற்றார். உச்சவரம்பு 1961-இல் 100 ஆகவும், 1969-இல் 50 ஆகவும் குறைந்தது.

இங்கே ஒன்றைக் குறிப்பிட வேண்டும். 1952-இல் இதனை எவரும் சோஷலிசம் என்று அழைத்திலர். 1961-இல் ஆலைகளும் வங்கிகளும் நாட்டுடைமையானபோதுதான் ஜமால் அப்துல் நாசிரின் ஆட்சி ‘இஷ்திராகிய்யா’ என்னும் கொடியை உயர்த்திப் பிடித்தது. பங்குகொள்ளுதல் என்னும் பொருளில் பிறந்த சொல் அது. சிரியா நாட்டு அறிஞர் முஸ்தஃபா அஸ்ஸிபாயீ ‘இஷ்திராகிய்யத்துல் இஸ்லாம்’ என ஒரு நூலையே 1959-இல் எழுதினார். சொல்லைப் பற்றிய வாதம் நூல் நூலாக வளர்ந்தது. வயலிலோ, வேறொரு கணக்கு நடந்துகொண்டிருந்தது.

1970-க்குள் பகிரப்பட்ட நிலம் எட்டு இலட்சம் ஃபத்தானுக்குச் சற்று மேல். பெற்ற குடும்பங்கள் சுமார் 3,40,000. மொத்த விளைநிலத்தில் இது எட்டில் ஒரு பங்கு அளவே. ஆயின், அச்சட்டத்தின் மற்றொரு விதி இதனினும் அதிகமானோரைச் சென்றடைந்தது. குத்தகை, நிலவரியின் ஏழு மடங்குக்கு மிகலாகாது என்றது அது. குத்தகையை எழுத்தில் பதியவேண்டும் என்றும் பணித்தது. நாளடைவில் குத்தகைதாரரை வெளியேற்றுவதும் அரிதாயிற்று. தந்தைக்குப்பின் மகனுக்கு உரிமை சென்றது. அரசு கருவூலத்திலிருந்து ஒரு காசும் செலவாகாத விதி இது. என் கணிப்பில், அப்புரட்சி சிற்றுழவருக்குச் செய்த மிகப் பெரிய நன்மை இதுவே.

கூலியாளின் கதை வேறு. ஆண் தொழிலாளிக்கு நாளொன்றுக்கு 18 பியாஸ்தர் குறைந்தபட்சக் கூலி எனச் சட்டம் எழுதியது. ஆள் மலிந்த ஊரில் அதைக் கேட்டுப் பெறுவது யார்?

அன்வர் சாதாத் 1974-இல் பொருளாதாரக் கதவுகளைத் திறந்தார். காற்று மாறியது. 1960-களில் அரசு கைப்பற்றிய நிலங்கள் சில பழைய குடும்பங்களுக்கே திரும்பின. 1992-இல் வந்த 96-ஆம் எண் சட்டம் குத்தகையை நிலவரியின் 22 மடங்காக உயர்த்தியது. ஐந்தாண்டு தவணை முடிந்து 1997 அக்டோபரில் பழைய குத்தகை உரிமை முற்றும் அற்றது. ஏறத்தாழ ஒன்பது இலட்சம் குத்தகைதாரரைத் தொட்ட மாற்றம் இது. பல ஊர்களில் கைகலப்பு மூண்டது, உயிர்களும் பலியாயின.

எதிர்த்தரப்பின் நியாயத்தையும் மறைத்தல் தகாது. 1990-களில் குத்தகைக்கு விட்டோர் அனைவரும் பாஷாக்கள் அல்லர். நகரத்தில் வாழும் விதவைகளும், சிறு உத்தியோகஸ்தர்களும் அவர்களில் இருந்தனர். விலைவாசி பன்மடங்கு ஏறியும், தம் ஓரிரு ஃபத்தானுக்கு அற்பத் தொகையையே பெற்றுவந்தனர். பாஷாவின் கொடுமைக்கு எழுதிய சட்டம், விதவையின் பங்கையும் விழுங்கிற்று என்ற அவர்களது முறையீடு பொய்யன்று.

எனினும் விந்தை ஒன்று உண்டு. சோஷலிசத்தின் பெயரால் ஆண்டவர்கள் உழவனுக்கு இரு வழிகளில் நிலம் தந்தனர்: ஒருவனுக்குத் தனியுடைமையாக, மற்றவனுக்குச் சட்டம் காக்கும் குத்தகையாக. முதலாளித்துவத்தின் அடித்தளம் என்று கூறப்படும் தனியுடைமையே, காற்று மாறியபின்பும் பெரும்பாலும் நிலைத்தது. ஒரே கால்வாயில் நீர் பாய்ச்சிய இரு வீட்டாரில், தந்தை பட்டா பெற்றவர் 1997-இன் பருவத்துக்கு வழக்கம்போல் விதைத்தார். அடுத்த வயலில், தந்தையின் குத்தகையை மரபுரிமையாகக் கொண்டு நாற்பது ஆண்டுகளுக்கு மேல் அதே மண்ணை உழுத வீட்டார், நில உடையவரின் வாயிலில் புதிய வாரத்துக்குக் கெஞ்சி நின்றனர்.